முட்டை ஓடும் எலும்புத்தூளும் ஈய மண்ணை என்ன செய்யும்?

முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவினால் மண்ணில் உள்ள ஈயம் நீங்கிவிடும். மீன் எலும்பு நச்சை உறிஞ்சிவிடும். உமிக்கரி நிலத்தைச் சுத்தமாக்கிவிடும். இந்தப் பாணிச் செய்திகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. கழிவுக்கும் ஒரு வழி பிறக்கிறது, நஞ்சுக்கும் ஒரு முடிவு வருகிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? இவற்றுக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் நேர்மையானவை. தலைப்பு போடும் இடத்தில்தான் கோளாறு நேர்ந்துவிடுகிறது.

ஈயம் ஒரு தனிமம். அது மட்காது, ஆவியாகாது, நுண்ணுயிர்கள் அதைத் தின்று செரிக்க முடியாது. முட்டை ஓட்டைப் போட்டாலும் எலும்பைப் போட்டாலும் நிலத்தில் இருந்த ஈயம் ஒரு கிராம்கூடக் குறையாமல் அங்கேயேதான் இருக்கும். மாறுவது அதன் வடிவம்: எதோடு சேர்ந்திருக்கிறது, எவ்வளவு எளிதில் கரையும் என்பது. இது சின்ன மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் ஈயத்தின் தீங்கு முழுவதுமே அது கரைந்து உடலுக்குள் போவதில்தான் இருக்கிறது என்பதால், கரையவிடாமல் பிடித்துவைப்பது உண்மையிலேயே பெரிய காரியம். யாருக்காகப் பிடித்துவைக்கிறோம் என்ற கேள்விதான் அடுத்து வர வேண்டியது. நிலத்தடி நீரைக் காக்க ஒரு பொருள் உதவும், பயிரைக் காக்க ஒன்று உதவும், மண்ணில் விளையாடும் குழந்தையைக் காக்க இன்னொன்று உதவும். மூன்றையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவதால்தான் குழப்பம்.

ஈயம் மண்ணுக்கு வந்த கதை பலருக்கும் தெரிந்ததே. 1921இல் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் இன்ஜின் தட்டல் நிற்கும் என்று கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த நூறு ஆண்டுகள் வாகனப் புகை வழியாக அது சாலையோர மண்ணில் படிந்தது. சாலை வாகனங்களுக்கு அந்தப் பெட்ரோலை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021 ஜூலையில்தான் நிறுத்தியது. பழைய கட்டடங்களின் ஈயப் பெயின்ட் உரிந்து சுவரடியில் உதிர்கிறது. ஒரே வீட்டின் முற்றத்தில் நடுவில் எடுத்த மண்ணையும் சுவரோரம் எடுத்த மண்ணையும் சோதித்தால் இரண்டும் வேறு வேறு ஊர் மண் போல இருக்கும். உருக்காலைகள், துப்பாக்கி சுடும் பயிற்சித் திடல்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் பட்டறைகள். இயற்கையான மண்ணில் கிலோவுக்கு 10 முதல் 50 மில்லிகிராம் வரை ஈயம் இருப்பது வழக்கம். மாசுபட்ட இடங்களில் இது நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் போகும். பெரும்பகுதி மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது. மழை அதை எளிதில் கீழே இறக்குவதில்லை. குழந்தையின் கை படும் இடமும் அந்த மேல்மண்தான்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1994 முதல், குடியிருப்பு மண்ணில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் ஈயத்தைக் கவலைக்குரிய அளவாக வைத்திருந்தது. 2024 ஜனவரியில் அதை 200 ஆகக் குறைத்தது. மண்ணில் எதுவும் மாறவில்லை. ஆனால் அதுவரை எல்லைக்குள் இருந்த ஏராளமான வீட்டு முற்றங்கள் ஒரே நாளில் எல்லைக்கு வெளியே போயின. அத்தனை மண்ணையும் தோண்டி லாரியில் ஏற்றி எங்கே கொட்டுவது? கொட்டுகிற இடத்தில் ஈயம் ஈயமாகவேதான் இருக்கப்போகிறது. பதிலுக்கு நிரப்ப நல்ல மண்ணை வேறொரு நிலத்திலிருந்து சுரண்டி வர வேண்டும். மண்ணை இருந்த இடத்திலேயே வைத்துச் சரிசெய்யும் வழிகள் மீது ஆர்வம் பிறந்தது இந்த நெருக்கடியில்தான். அந்த வழிகளுக்கு மலிவான மூலப்பொருள் தேட, பார்வை கழிவுகள் பக்கம் திரும்பியது.

வயிற்றுக்குள் நடப்பது

மண்ணில் ஈயம் பல வேடங்களில் இருக்கும். பழைய வெள்ளைப் பெயின்டில் கார்பனேட்டாக, சுரங்கப் பகுதிகளில் சல்பைடாக, களிமண் துகள்களிலும் இரும்பு ஆக்சைடுகளிலும் ஒட்டிக்கொண்டு, மட்கிய கரிமப்பொருளோடு பிணைந்து, சில இடங்களில் பாஸ்பேட்டாக. ஆய்வகம் வலுவான அமிலத்தில் மண்ணைக் கொதிக்கவைத்துச் சொல்லும் ‘மொத்த ஈயம்’ என்ற ஒற்றை எண் இந்த வேறுபாடுகளையெல்லாம் மறைத்துவிடுகிறது. ஒரே எண்ணைக் காட்டும் இரண்டு மண் மாதிரிகளில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு ஆபத்தானதாக இருக்கலாம்.

இதை அளக்க ஒரு சோதனை இருக்கிறது. மண்ணை 150 மைக்ரோமீட்டருக்கும் நுண்ணியதாகச் சலித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் கையில் ஒட்டுவது அந்த அளவுத் துகள்தான். அதை 37 டிகிரி வெப்பத்தில், பிஎச் 1.5 உள்ள (பிஎச் எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) அமிலக் கரைசலில் ஒரு மணி நேரம் சுழற்றுகிறார்கள். பசித்த குழந்தையின் இரைப்பையைக் கண்ணாடிப் புட்டியில் நடித்துக்காட்டும் ஏற்பாடு இது. அந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஈயம் கரைசலுக்குள் வந்தது என்பதே, மண்ணை விழுங்கும் குழந்தைக்கு எவ்வளவு ஈயம் கிடைக்கும் என்பதன் மதிப்பீடு.

ஒரு கணக்கு போட்டால் இதன் பொருள் விளங்கும். சிறு குழந்தை ஒன்று கை வழியாகவும் தூசி வழியாகவும் நாளுக்குச் சுமார் 100 மில்லிகிராம் மண்ணை விழுங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். மண்ணில் கிலோவுக்கு 500 மில்லிகிராம் ஈயம் இருந்தால் உள்ளே போவது 50 மைக்ரோகிராம். அமெரிக்க முகமையின் மாதிரிக் கணக்கு, மண்ணில் உள்ள ஈயத்தில் 30 சதவீதம் குழந்தையின் ரத்தத்தில் சேரும் என்று எடுத்துக்கொள்கிறது. அதாவது நாளுக்கு 15 மைக்ரோகிராம். மண்ணைப் பக்குவப்படுத்தி இந்த 30ஐ 10 ஆக்கினால் ரத்தத்தில் சேருவது 5 மைக்ரோகிராமாகக் குறையும். ‘மொத்த ஈயம்’ அப்படியே 500ஆகத்தான் இருக்கும், ஆனால் குழந்தையின் உடலைப் பொறுத்தவரை மண் மூன்றில் ஒரு பங்கு ஈயம் கொண்டதாக மாறிவிட்டது. சின்னக் குழந்தைகள் விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கு ஐந்து மடங்கு அதிகம் உறிஞ்சுகிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆகவே அவர்கள் விஷயத்தில் இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல.

இது வெறும் புட்டிச் சோதனையோடு நின்றுவிடவில்லை. ஈய, துத்தநாகச் சுரங்கங்களுக்குப் பேர்போன அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஜாப்லின் நகரில், உருக்காலையால் மாசுபட்ட மண்ணில் பாஸ்பாரிக் அமிலத்தைக் கலந்து, பிறகு சுண்ணாம்பிட்டு அமிலத்தைத் தணித்தார்கள். அந்த மண்ணை மிகச் சிறிய அளவில் விழுங்க, வயது வந்த தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். பக்குவப்படுத்தாத மண்ணிலிருந்து அவர்கள் உறிஞ்சியது சுமார் 42 சதவீத ஈயம். பக்குவப்படுத்திய மண்ணிலிருந்து சுமார் 13 சதவீதம். பாஸ்பேட் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேறு கிடையாது. ஆனால் குடியிருப்புப் பகுதியில் பாஸ்பாரிக் அமிலத்தைக் கொட்டிப் புழங்குவது எல்லோருக்கும் ஏற்ற வேலை இல்லை. அதே பாஸ்பேட்டைச் சாதுவான வடிவில் தரக்கூடிய பொருள் ஒன்று இறைச்சிக்கூடங்களிலும் மீன் பதப்படுத்தும் ஆலைகளிலும் மலையாகக் குவிகிறது.

எலும்பின் கணக்கு

எலும்பின் கனிமப் பகுதி அபடைட் வகையைச் சேர்ந்த கால்சியம் பாஸ்பேட். மண் ஈரத்தில் எலும்புத்தூள் மெல்லக் கரையும்போது பாஸ்பேட் வெளிவருகிறது. அருகில் கரைந்த நிலையில் ஈயம் இருந்தால், இரண்டும் குளோரைடும் சேர்ந்து பைரோமார்ஃபைட் என்ற கனிமமாகப் படிகின்றன. ஐந்து ஈயத்துக்கு மூன்று பாஸ்பேட், ஒரு குளோரைடு என்பது அதன் கணக்கு. ஈயக் கனிமங்களிலேயே மிக மிகக் குறைவாகக் கரையக்கூடியது அது. மண்ணின் சாதாரண நிலைமைகளில் மட்டுமின்றி, இரைப்பை அமிலத்திலும் பிடிவாதமாக நிற்கும். 1993இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அபடைட்டைக் கொண்டு கரைசலில் இருந்த ஈயத்தைக் குடிநீர் வரம்புக்கும் கீழே இறக்கிக் காட்டியதிலிருந்து இந்தத் துறை சூடுபிடித்தது.

பாஸ்பேட் பாறையும் அபடைட்தான். அதைப் பொடித்துப் போடலாமே என்று கேட்கலாம். போடலாம். ஆனால் பாறையின் படிகங்கள் கட்டுக்கோப்பானவை, கரைய மறுப்பவை. எலும்பின் படிகங்கள் மிகச் சிறியவை, ஒழுங்கற்றவை, இடையிடையே கார்பனேட் நுழைந்து தளர்ந்தவை. மீன் எலும்பில் இந்தத் தளர்ச்சி இன்னும் அதிகம். இங்கே தளர்ச்சி ஒரு தகுதி. கரைந்தால்தான் பாஸ்பேட் கிடைக்கும்.

எலும்புக்கும் ஈயத்துக்கும் உள்ள இந்த ஈர்ப்பு நம் உடலுக்குள்ளும் வேலை செய்கிறது. கால்சியத்தின் இடத்தில் ஈயம் எளிதாகப் போய் உட்கார்ந்துவிடும் என்பதால், பெரியவர் ஒருவரின் உடலில் சேர்ந்த ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. பல பத்தாண்டுகள் அங்கே தங்கி, கர்ப்ப காலத்திலும் முதுமையிலும் எலும்பு கரையும்போது மறுபடி ரத்தத்துக்கு வருகிறது. உடலைக் கெடுக்கும் அதே வேதியியலைத்தான் மண்ணில் நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்கிறோம்.

இந்த யோசனை தெருவுக்கு வந்தது 2011இல், கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்தில். மேற்கு ஓக்லாந்தின் சவுத் பிரெஸ்காட் பகுதி ரயில் பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஏழைக் குடியிருப்பு. பெயின்ட் உதிரும் பழைய மர வீடுகள். முற்றத்து மண்ணைத் தோண்டி அகற்றுவதற்குப் பதிலாக, அலாஸ்காவில் பிடிபடும் பொல்லாக் மீனின் எலும்புகளைப் பொடியாக்கிக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வீடு முற்றத்தில் பரப்பி, சுழல்கலப்பையால் மேல்மண்ணோடு கலந்து, அதன் மேல் நல்ல மண்ணும் புல்தரையும் போட்டு மூடினார்கள். இந்தக் கடைசி வரியைச் செய்திகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. எலும்பு ஈயத்தைக் கட்டியது, புல்தரை குழந்தைக்கும் மண்ணுக்கும் நடுவே சுவராக நின்றது. பலனில் எது எதன் பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். என்னைக் கேட்டால், முதல் ஆண்டில் பெரும்பங்கு புல்லுக்கே சேரும். புல் காய்ந்து மண் வெளியே தெரியும் ஆண்டில்தான் எலும்பின் மதிப்பு தெரியவரும்.

எவ்வளவு எலும்பு வேண்டும்? ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம்வரை ஏறக்குறைய 200 கிலோ மண் இருக்கும். கிலோவுக்கு 500 மில்லிகிராம் வீதம் அதில் 100 கிராம் ஈயம். ஐந்துக்கு மூன்று என்ற விகிதப்படி அதைக் கட்ட 9 கிராம் பாஸ்பரஸ் போதும். எலும்புத்தூளில் பத்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ் என்று வைத்தால், வெறும் 90 கிராம் எலும்புத்தூள். காகிதத்தில் கணக்கு இவ்வளவு அழகாக முடிந்துவிடுகிறது. நிலத்தில் அப்படி நடப்பதில்லை. எலும்புத்தூள் விழுந்த இடத்தில் ஈயம் இருக்காது. வெளிவரும் பாஸ்பேட்டைக் கால்சியமும் இரும்பும் அலுமினியமும் முந்திக்கொண்டு பிடித்துவிடும். அதனால் சோதனைகளில் மண்ணின் எடையில் 1 முதல் 5 சதவீதம் வரை போடுகிறார்கள். 3 சதவீதம் என்றால் சதுர மீட்டருக்கு 6 கிலோ எலும்புத்தூள், அதாவது 600 கிராம் பாஸ்பரஸ். ஒரு பயிருக்கு விவசாயி ஆண்டுக்கு இடுவது சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கிராம்தான்! இருநூறு ஆண்டு உரத்தை ஒரே நாளில் கொட்டுகிறோம் என்று பொருள். இதில் பெரும்பகுதி கரையாமல் கிடக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் சரிவான நிலத்தில், ஓடைக்கரையில், ஏரிக்கருகில் இதைச் செய்தால் மழையோடு போகும் பாஸ்பரஸ் நீர்நிலையில் பாசியைக் கொழிக்கவைத்து வேறொரு வழக்கைத் தொடங்கிவைக்கும்.

ஓடு காப்பது யாரை?

முட்டை ஓட்டில் ஏறத்தாழ 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். சிப்பி, மட்டி ஓடுகளும் அப்படியே. மண்ணில் போட்டால் அமிலத்தன்மை தணியும், பிஎச் உயரும். பிஎச் உயர உயர ஈயம் மண் துகள்களில் இறுக ஒட்டிக்கொள்ளும், கார்பனேட்டாகவும் ஹைட்ராக்சைடாகவும் படியும். நீரில் கரையும் ஈயம் குறையும், செடியின் வேருக்குக் கிடைப்பதும் குறையும். அமில மண்ணில் இந்தப் பலன் கண்கூடு. தென் கொரியாவில் ராணுவத் துப்பாக்கிப் பயிற்சித் திடல் மண்ணில் மட்டி ஓடு, மாட்டெலும்பு, கரி ஆகியவற்றைப் போட்டுப் பார்த்த ஆய்வுகள் உண்டு. குண்டுகள் அரித்து ஈயம் இறங்கும் அப்படிப்பட்ட இடங்களில் நிலத்தடி நீரையும் செடிகொடிகளையும் காப்பதற்கு ஓட்டுத்தூள் மலிவான, நம்பத்தகுந்த பொருள்.

இதே மண்ணைக் குழந்தை விழுங்கினால்? இரைப்பையில் பிஎச் 1.5. கார்பனேட்டுக்கு அமிலம் பட்டால் என்ன ஆகும் என்பது பள்ளிக்கூட ஆய்வகப் பாடம்: நுரைத்துக் கரையும். ஈயக் கார்பனேட்டும் கரையும். ஓடு மண்ணில் பாடுபட்டுப் பிடித்துவைத்த ஈயத்தை இரைப்பை சில நிமிடங்களில் அவிழ்த்துவிடும். ‘முட்டை ஓடு ஈயத்தை 90 சதவீதத்துக்கு மேல் குறைத்தது’ என்று எங்காவது படித்தால், எந்தக் கரைசலில் அளந்தார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். நீரிலோ மென்மையான உப்புக் கரைசலிலோ அளந்திருந்தால் அந்த எண் கிணற்றுக்கும் கீரைக்கும் பொருந்தும். தவழும் குழந்தைக்குப் பொருந்தாது. இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் வெளியாகும் செய்திகள் நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டவையாக இருந்தாலும் தவறான தைரியத்தைத் தருகின்றன.

ஓட்டையும் எலும்பையும் சேர்த்தே போட்டால் இரட்டைப் பலன் கிடைக்காதா என்பது அடுத்த கேள்வி. இங்கே ஒரு முரண்பாடு குறுக்கே நிற்கிறது. பைரோமார்ஃபைட் உருவாக வேண்டுமானால் எலும்பும் கரைய வேண்டும், மண்ணில் ஏற்கெனவே உள்ள ஈயக் கனிமமும் கொஞ்சம் கரைய வேண்டும். இரண்டுக்கும் சற்றே அமிலமான மண் தேவை. ஓட்டுத்தூளோ பிஎச்சை உயர்த்தி இரண்டையும் உறையவைக்கிறது. ஜாப்லினில் முதலில் அமிலம், பிறகு சுண்ணாம்பு என்று வரிசைப்படுத்தியதன் சூட்சுமம் இதுதான். எலும்பை முன்னால் போட்டு, வேலை செய்ய அவகாசம் கொடுத்து, ஓட்டைப் பின்னால் போடுவது பொருந்தும். மண்ணே காரமாக இருந்தால் எலும்புத்தூளிடமிருந்து அதிகம் எதிர்பார்க்க முடியாது.

ஓட்டை 800, 900 டிகிரியில் சுட்டு நீற்றி, சுண்ணாம்பாக்கிப் போடுவோரும் உண்டு. வேகம் கூடும், அபாயமும் கூடும். பிஎச் மிகவும் ஏறினால் மண்ணின் கரிமப்பொருள் கரையத் தொடங்கி, தன்னோடு பிணைந்த ஈயத்தையும் நீருக்குள் இழுத்துவரும்.

கரியும் மட்கும்

கரி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எதைச் சுட்ட கரி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காற்று புகாமல் சுட்ட மரக்கரி தன் நுண்துளைகளிலும் பரப்பிலும் ஓரளவு ஈயத்தைப் பிடிக்கும். மாட்டுச் சாணத்தைச் சுட்ட கரியில் பாஸ்பேட்டும் கார்பனேட்டும் செறிந்திருக்கும். அது ஈயத்தைப் பிடிப்பதைவிடக் கனிமமாகவே படியவைத்துவிடும். நீரில் நடந்த சோதனைகளில் அது கடையில் விற்கும் ஆக்டிவேட்டட் கார்பனைப் பல மடங்கு மிஞ்சியது. ஆக, குழந்தையைக் காக்கும் நோக்கில் பார்த்தால் சாணக்கரியும் எலும்புக்கரியும் ஒரு பக்கம், உமிக்கரியும் மரக்கரியும் இன்னொரு பக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

மட்கு உரத்தின் வேலை வேறு வகை. அதில் உள்ள, மட்கிப்போன தாவரங்களிலிருந்து வரும் ஹியூமிக் பொருட்கள் ஈயத்தைப் பிணைக்கும், கூடவே மண்ணைப் பெருக்கி ஈயத்தின் அடர்த்தியையும் குறைக்கும். எல்லாவற்றையும்விட, செடி வளராத மொட்டைத் தரையில் புல்லை வளரவைக்கும். தூசி பறக்காது, சேறு தெறிக்காது. ஈயத்தின் வடிவத்தை அது எந்த அளவு மாற்றுகிறது என்பது மண்ணுக்கு மண் மாறுபடுகிறது. ஆனால் தரையை மூடிவைப்பதில் அதற்கு இணை எதுவும் கிடையாது. நகர்ப்புறத் தோட்டத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் நான் மட்கு உரத்தையே சொல்வேன்.

கழிவு தானே என்று கண்ணை மூடிக்கொண்டு எதையும் போடக் கூடாது. பழைய கதவு, ஜன்னல்களை எரித்த சாம்பலில் பெயின்டின் ஈயம் இருக்கும். ஆலைப் பகுதியின் கழிவுநீர்க் கசடு தன் பங்குக்கு உலோகங்களைக் கொண்டுவரும். கடல் ஓடுகளில் உப்பு இருக்கும். வேகவைத்துக் கிருமி நீக்காத எலும்பு நோயைக் கொண்டுவரும், நாய்களையும் வரவழைக்கும். நாய் தோண்டிய குழியில் மூடிவைத்த மண் மறுபடி வெளியே வரும்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது, அது சற்று ஆழமானது. ஆப்பிள் தோட்டங்களில் பூச்சியைக் கொல்ல ஈய ஆர்சனேட் தெளிக்கும் வழக்கம் 1890களில் அமெரிக்காவில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடந்தது. அங்கே சட்டப்படி முற்றாகத் தடையானது 1988இல்தான். அந்தப் பழத்தோட்டங்கள் பல இன்று வீட்டு மனைகள். மண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்தே கிடக்கின்றன. பாஸ்பேட்டும் ஆர்சனேட்டும் வேதியியலில் அண்ணன் தம்பிகள். மண் துகளில் இரண்டுக்கும் ஒரே இருக்கை. பாஸ்பேட்டைக் கொட்டினால் ஈயம் கட்டுப்படும், ஆனால் இருக்கையை இழந்த ஆர்சனிக் நீரில் இறங்கும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். எலும்புத்தூள் வாங்குவதற்கு முன் ஆர்சனிக் சோதனை செய்வது இதனால்தான் கட்டாயம்.

செடி வளர்த்து ஈயத்தை உறிஞ்சி எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. சூரியகாந்தியும் கடுகும் மண்ணைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கை பரவலானது. ஈயம் பெரும்பாலும் வேரிலேயே நின்றுவிடும், தண்டுக்கு ஏறுவது சொற்பம். உலர்ந்த பயிர் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ, அதில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம் என்று தாராளமாகவே வைத்தாலும் ஓர் அறுவடையில் வெளியேறுவது 0.1 கிராம். 500ஐ 200ஆகக் குறைக்க 60 கிராம் வெளியேற வேண்டும். அறுநூறு அறுவடை! ஈடிடிஏ போன்ற வேதிப்பொருளை ஊற்றி ஈயத்தை இளக்கினால் செடி அதிகம் எடுக்கும்தான், ஆனால் இளகியதில் ஒரு பகுதி நேரே நிலத்தடி நீருக்குப் போகும்.

அளப்பதிலும் ஒரு சிக்கல்

பாஸ்பேட் முறையைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் நடக்கும் வாதம் ஒன்று வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. எலும்புத்தூள் கலந்த மண்ணைச் சோதனைக் கரைசலில் போட்டதும், அந்த அமிலத்திலேயே ஈயமும் பாஸ்பேட்டும் வேகமாகக் கரைந்து, புட்டிக்குள்ளேயே பைரோமார்ஃபைட்டாகப் படிந்துவிடலாம். நிலத்தில் நடக்காத வினை சோதனையில் நடந்துவிடுகிறது. எண் மட்டும் அழகாக வருகிறது. சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியிலிருந்து வரும் செறிவான எக்ஸ் கதிர்களால் மண்ணுக்குள் ஈயம் எந்தச் சேர்மமாக இருக்கிறது என்று நேரடியாகப் பார்த்தவர்கள் இந்தப் பிரச்சினையைச் சுட்டிக்காட்டினார்கள். மறுதரப்பிலும் ஒரு நியாயம் உண்டு: புட்டியில் நடப்பது குழந்தையின் வயிற்றிலும் நடக்குமானால் பலன் பலன்தானே? நடக்கலாம், ஆனால் வயிறு எப்போதும் பிஎச் 1.5இல் இருப்பதில்லை, சாப்பிட்ட பிறகு அது மாறும். இரண்டு அளவீடும் சேர்ந்து ஒரே முடிவைச் சொல்லும்வரை ‘இத்தனை சதவீதம் பாதுகாப்பு’ என்று அடித்துச் சொல்வதைத் தவிர்ப்பது நல்லது.

எல்லை எங்கே என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலத்தில் 2010இல், தங்கத் தாதுவை வீட்டு முற்றங்களிலேயே உடைத்து அரைத்ததால் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஈய நஞ்சால் இறந்தார்கள். சில முற்றங்களின் மண்ணில் ஈயம் கிலோவுக்கு ஒரு லட்சம் மில்லிகிராமைத் தாண்டியது, அதாவது மண்ணில் பத்தில் ஒரு பங்கு ஈயம். அங்கே கிராம மக்களே மண்வெட்டியோடு இறங்கி மேல்மண்ணை வழித்தெடுத்துப் புதைத்தார்கள், நல்ல மண்ணைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். வேறு எதற்கும் அங்கே இடமில்லை. பேட்டரி உடைத்த இடங்களுக்கும் இதே விதி. எலும்பும் ஓடும் கரியும் பயன்படுவது சில நூறுகளிலிருந்து ஒன்றிரண்டு ஆயிரம் மில்லிகிராம்வரை உள்ள, தோண்டியெடுக்க முடியாத அளவுக்குப் பரந்து கிடக்கும் சாதாரண நகர மண்ணில்தான். மாசு வந்துகொண்டே இருக்கும் இடத்திலும் இவை வீண். சுவரில் பெயின்ட் உரிந்துகொண்டிருக்கும்வரை மண்ணுக்கு என்ன செய்தாலும் அடுத்த மழையில் புதிய ஈயம் வந்து சேரும்.

நடைமுறையில் இந்த முறை தயங்கி நிற்பதற்கு முக்கியக் காரணம் சட்டத்தின் அளவுகோல். விதிமுறைகள் பெரும்பாலும் மொத்த ஈயத்தைக் கொண்டே ஒரு நிலத்தைத் தூய்மையானது என்றோ மாசுபட்டது என்றோ முத்திரை குத்துகின்றன. எலும்புத்தூள் போட்டு ஆபத்தை மூன்றில் ஒரு பங்காக்கிய நிலமும் அந்தக் கணக்கில் தேறாது. இதைச் சட்டத்தின் மூடத்தனம் என்று ஆய்வாளர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. எனக்கு அந்த அலுப்பு பாதிதான் நியாயமாகத் தோன்றுகிறது. மொத்த அளவு மாறாத எண்; கரையும் அளவு மண்ணின் பிஎச், உரம், ஈரம் எல்லாவற்றையும் பொறுத்து ஆண்டுக்காண்டு நகரக்கூடியது. கரையும் அளவை ஏற்றுக்கொள்ளும் விதிமுறை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே இடத்தில் மறுசோதனை செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் என்பதையும் சொல்ல வேண்டும். நிலம் கைமாறும்போது பத்திரத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்: இங்கே மேல்மண்ணில் ஈயம் இருக்கிறது, இந்தப் பொருளால் இந்த ஆண்டு கட்டப்பட்டிருக்கிறது, 15 சென்டிமீட்டருக்குக் கீழே தோண்டிய மண்ணை மேலே பரப்பக் கூடாது.